பதினேழு

மூடியைத் திருகி ஒரு பிடி நெல்லைப் போட்டு
அழுத்தினால் கருவி எண் சொல்லும்.
ஐப்பசி ஏழு. மணி பதினொன்று இருக்கும்.
தையல்நாயகியின் குறுவைக்கு
இருபத்தொன்று புள்ளி நான்கு.

பதினேழுக்கு மேல் எடுக்கக்கூடாது.
காயவெச்சுக் கொண்டாங்க என்றேன்.
வெயிலுக்கு எந்த ஆபீசுல எழுதிக் குடுக்கணும் என்றாள்.
வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.
நானும்தான்.

கோட்டூர் சாலையில் பாதி அவர்களுடையது.
கருங்கல் அடுக்கி எல்லை கட்டி
தாரின் மேல் நெல்லைப் பரப்பி
மன்னார்குடி பஸ் ஒதுங்கிப் போகும்வரை
துடைப்பத்தோடு நிற்கிறார்கள்.
டயர் ஏறிய நெல் நொய்யாகும்.
அதை அளக்கக் கருவி இல்லை.

அவள் பார்ப்பது கோயில் நிலம், ஆறு மா.
குத்தகை இன்னும் மாமனார் பேரில்.
அவர் போய் ஒன்பது வருஷம்.
கம்ப்யூட்டர் அவருடைய போனுக்குத்தான் ஓடிபி அனுப்புகிறது.
ஆகவே நெல் சந்தானகிருஷ்ணன் சிட்டாவில் ஏறும்.
பணம் சந்தானகிருஷ்ணன் கணக்கில் இறங்கும்.
அங்கிருந்து அவளிடம் நடந்து வரும்,
வழியில் கொஞ்சம் இளைத்து.

தோடு கூட்டுறவு வங்கியில்.
யூரியா கேட்டபோது
அந்தச் சின்ன பாட்டிலையும் எடுத்தால்தான் என்றானாம் கடைக்காரன்.
பிரிக்கவே இல்ல, எறவாணத்துல கெடக்கு,
ஒங்களுக்கு வேணுமா சார் என்று
என்னையே கேட்டாள்.

மூட்டைக்கு நாற்பது ரூபாய்.
யாரும் கேட்பதில்லை, எல்லோரும் கொடுக்கிறார்கள்.
தூக்குகிற பக்கிரிசாமிக்கும் ஆட்களுக்கும் ஒரு பங்கு,
அரசாங்கக் கூலி மாசி வரைக்கும் வராது.
லாரிக்கு ஒரு பங்கு, இல்லாவிட்டால் லாரி வேறு ஊருக்குப் போய்விடும்.
எனக்கு ஒன்று.
மீதி மேலே போகும்.
மேலே என்றால் எதுவரை என்று தெரியாது,
மழை புறப்படுகிற இடம்வரை இருக்கலாம்.

நான் சீசன் ஆள். நிரந்தரம் இல்லை.
இங்கே பதினேழில் வாங்கிய நெல்
குடோனுக்குப் போவதற்குள் உலர்ந்து எடை குறையும்.
குறைந்த கிலோவை என் சம்பளத்தில் பிடிப்பார்கள்.
போன வருஷம் நாலாயிரத்துச் சொச்சம்.
காற்றில் போன தண்ணீருக்கு
விளக்கம் கேட்டு ஒரு கடிதமும் வந்தது.

டெல்லியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள்.
ஷூவுக்கு மேல் பாலிதீன் உறை.
ஒருவர் குனிந்து அள்ளி
முளைவிட்ட நெல்லை உள்ளங்கையில் பரப்பிப் பார்த்தார்,
பச்சை, நாற்றங்காலுக்கே போகலாம் போல.
டப்பாக்களில் மாதிரி எடுத்தார்கள்.
பதினேழு இருபத்திரண்டாகுமா என்பது
இனி கோப்பில் இருக்கிறது.
கோப்பு நனையாது.

அன்றைக்கு ராத்திரி கொட்டியது.
தார்ப்பாயின் ஒரு முனையை அவள் பிடித்திருந்தாள்,
ஒரு முனையில் அவள் மகன், ஒன்றில் செங்கல்.
நாலாவது பறந்துகொண்டிருந்தது.
போய்ப் பிடித்தேன்.
இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை,
எனக்கும் தூக்கம் வரவில்லை.

மேசை இழுப்பறையில் ஒரு டப்பா,
போன தை மாதத்து நெல், எலும்பு மாதிரி காய்ந்தது.
காலையில் அரைப்பிடி அவளுடையது,
அரைப்பிடிக்குக் கொஞ்சம் கூட இது,
சேர்த்துப் போட்டு அழுத்தினேன்.
பதினாறு புள்ளி ஒன்பது.
அவள் எண்ணைப் பார்க்கவில்லை.
என் கையைப் பார்த்தாள்.

தொண்ணூற்றாறு சிப்பம்.
தொண்ணூற்றாறு பெருக்கல் நாற்பது.
வாங்கவில்லை என்று எழுதத்தான் ஆசை.
வாங்கினேன்.
பக்கிரிசாமி எண்ணிக்கொண்டு நிற்கிறான்,
லாரிக்காரன் கீழே இறங்கக்கூட இல்லை.
என் பங்கை மட்டும் திருப்பிக் கொடுத்திருக்கலாம்.
அது தோன்றியபோது
அவள் காலி சாக்குகளை மடித்துக்கொண்டு
கொறடாச்சேரி பஸ்ஸில் ஏறியிருந்தாள்.

மாசியில் ரேஷன் கடையில் அரிசி போட்டார்கள்.
முறத்தில் கொட்டிய மனைவி முகம் சுளித்தாள்,
ஈரச்சாக்கு நாத்தம், மஞ்சளா வேற இருக்கு,
எந்த ஊர்ல எவன் வாங்கினானோ என்றாள்.
ரெண்டு தண்ணி கூடக் கழுவு என்றேன்.